மாசிலாமணி பார்க்காத கயிறு

மாசிலாமணி இறந்துவிட்டார் என்று செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். புதன்கிழமை காலை. மீஞ்சூரில் என் ஸ்டுடியோவைத் திறந்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த ஒருவரை முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மாசிலாமணியின் மனைவி சரோஜா. "அண்ணா, அவரு பூட்டாருண்ணா. ஐஸ் கம்பெனில குந்திகினு டீ குடிச்சிகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது இதுதான்: அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் போய் யார் சொல்வது? எதிரில் இருந்தவர் முகவாயைத் தூக்கியபடியே காத்திருந்தார். கண் கலங்கியது அதற்குப் பிறகுதான். பதினைந்து வருஷ நண்பனுக்கு நான் செய்த முதல் மரியாதை இந்த லட்சணத்தில் இருந்தது.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை என்னவென்று தெரியாது. மாசிலாமணி ஒரு தப்பு செய்திருந்தார். அதைப் பத்துப் பேர் முன்னால் திருத்துவதற்கு அவர் குறித்து வைத்திருந்த நாள் அது. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பழவேற்காட்டில் ஐஸ் கம்பெனி மெக்கானிக் என்றால் எல்லாருக்கும் அவரைத் தெரியும். சட்டையில் எப்போதும் அம்மோனியா வாடை. அந்த மனிதருக்கு வெள்ளைக்காரர் காலத்து நெட்டைக் கடிகாரங்கள் மீது எப்படி இவ்வளவு கிறுக்குப் பிடித்தது என்று கேட்டால் சிரிப்பார். இடித்த வீடு ஒன்றிலிருந்து விறகோடு விறகாக வந்த ஒரு கடிகாரத்தைத் திறந்து பார்த்ததில் ஆரம்பித்தது என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெட்டி, உள்ளே நீளமான பெண்டுலம், கனத்தில் இறங்கும் இரும்பு அல்லது ஈயக் குண்டு. இங்கிலாந்தில் எந்த ஊரில், எந்தக் காலத்தில், யார் செய்தது என்பதை அவர் சொல்வார். அவர் பார்ப்பார், நான் போட்டோ பிடிப்பேன். பொன்னேரி, அனுப்பம்பட்டு, ஏரிக்கரை என்று எங்கே ஒரு பழைய கடிகாரம் இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் அவருடைய பைக்கில் நான் பின்னால். பயப்படுவது என் இலாகா. பள்ளம், நாய், வீட்டுக்காரர் கோபம், மழை என எல்லாவற்றையும் அவருக்கும் சேர்த்து நானே பயந்துவிடுவேன். "அண்ணாத்த, எனுக்குப் பதுலா நீ பயந்துக்கோ, நான் வண்டி ஓட்றேன்" என்பார். என்னைவிட மூன்று வயது சின்னவர்.

பொன்னேரியில் ஒரு பெரிய வீட்டுக்குப் போயிருந்தோம். கடிகார முகத்தில் லண்டன் என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் அதை ஒவ்வொரு விருந்தாளிக்கும் விரல் வைத்துக் காட்டிப் பழகியவர். மாசிலாமணி பையிலிருந்து பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். கைப்பிடி நீண்ட, காசு அளவுக் கண்ணாடி. டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, கண்ணாடியை எந்திரத்துக்கும் முகத்துக்கும் நடுவில் விட்டார். முகத்தைத் தாங்கும் இரும்புத் தகட்டில் வேறு ஊர்ப் பெயர் வார்த்திருந்தது. எந்திரம் உட்கார்ந்திருந்த பலகையில் அதற்குப் பொருந்தாத பழைய திருகு ஓட்டைகள். "சார், தல ஒரு கடியாரம், ஒடம்பு ஒரு கடியாரம். யாரோ கண்ணாலம் கட்டி வெச்சிருக்காங்க. ஆனா ரெண்டும் நல்ல குடும்பம்" என்றார். வீட்டுக்காரர் முகம் சிவந்தது. எனக்குக் கால் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. பிறகு அந்த மனிதரே வாய்விட்டுச் சிரித்து எங்களுக்கு மோர் கொடுத்தார். திரும்பி வரும்போது மாசிலாமணி சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது: "மூஞ்சில எழுதினத நம்பாத அண்ணாத்த. தொறக்காம சொல்லாத."

அவர் வீட்டில் நாலு கடிகாரங்கள் நின்றன. தரை சமமில்லை. ஏரிக்கரையில் பொறுக்கிய மட்டி ஓடுகளை ஒவ்வொன்றின் காலடியிலும் செருகி, பெண்டுலத்தின் சத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டு நிமிர்த்தியிருந்தார். நாலும் ஒரே நேரத்தில் மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை. சரோஜா சொல்வார்: "எல்லார் வூட்லயும் ஒரு மாமியாருண்ணா. எனுக்கு நாலு. ஒண்ணு பேசி முடிச்சா இன்னொண்ணு ஆரம்பிக்குது." நாலும் எட்டு நாள் ஓடும் கடிகாரங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சாவி கொடுத்தால் அடுத்த ஞாயிறு வரை கவலை இல்லை. எட்டாவது நாள் அவர் மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் கவலைப்பட்டிருக்கிறேன். அவர் ஒரு ஞாயிறும் மறந்ததில்லை.

இனி அந்தத் தப்பு. முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பம். பெயரைப் போட வேண்டாம் என்று கன்னியம்மா கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. கன்னியம்மா பழவேற்காட்டு மார்க்கெட்டில் இறால் விற்பவர். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு நெட்டைக் கடிகாரம் நிற்கிறது. அவருடைய நைனாவின் தாத்தா, புயலில் கவிழ்ந்த படகிலிருந்து ஒரு துரையைக் கரை சேர்த்ததற்குக் கிடைத்த பரிசு என்பது வீட்டுக் கதை. ஊர்க் கதை வேறு. அதே காலத்துப் புயலில், வெள்ளைக்கார உப்பு அதிகாரி இருந்த உப்புப் பங்களா இடிந்தபோது அங்கிருந்த கடிகாரம் காணாமல் போனது, அதைத் தூக்கி வந்தவர்தான் அந்தத் தாத்தா என்பார்கள். கேலியாகத்தான் சொல்வார்கள். ஆனால் சண்டை என்று வந்தால் முதலில் வாயில் வருவது அதுதான். கன்னியம்மாவின் மகன் ஏழுமலை இதற்காக இரண்டு முறை கைகலப்பில் இறங்கிவிட்டான். இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று ஊர்ப் பெரியவர்கள்தான் போன தை மாதம் மாசிலாமணியை அழைத்தார்கள்.

அவரிடம் அந்தப் பங்களா சாமான்களின் பழைய பட்டியல் ஒன்றின் நகல் இருந்தது. பழைய பேப்பர் கடையில் கிடைத்தது, லேமினேட் போட்டு வைத்திருந்தார். அதில் கடிகாரத்துக்கு ஒரு வரி: மேல் வளைவில் கப்பல் படம், எட்டு நாள் ஓட்டம். நாங்கள் போனபோது வாசலில் கூட்டம். மாசிலாமணியை அங்கேயே பிடித்துப் பேச வைத்துவிட்டார்கள். வெளிச்சம் சரிபார்க்க நான் மட்டும் முன்னால் உள்ளே போனேன். கடிகாரத்தின் பக்கவாட்டில் ஒரு வலைக் கயிறு தொங்கியது. நுனியில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் நாலைந்து. அந்த ஊரில் வலையும் கயிறும் தொங்காத ஆணி கிடையாது. படத்தில் அசிங்கமாக இருக்குமே என்று அதைப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளிவிட்டேன். ஒரு வினாடி வேலை. முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் துடைப்பத்தையும் செருப்பையும் படத்திலிருந்து தள்ளிவிட்டுப் பழகிய கை.

பிறகு மாசிலாமணி உள்ளே வந்தார். கடிகார முகத்தின் வளைவில் மங்கலாக ஒரு பாய்க்கப்பல். செய்தவர் பெயர் உப்புக் காற்றில் அழிந்துவிட்டது. எண்களுக்கு நடுவே இரண்டு சாவித் துளைகள். இரண்டு துளை என்றால் சாவி கொடுக்கும் கடிகாரம், சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓட்டம். அவர் பெட்டிக் கதவில் கை வைத்ததும் கன்னியம்மா தடுத்தார். "அத்த தொறக்கக் கூடாதுண்ணா. உள்ள கங்கையம்மன் செம்பு கீது. ஆடி மூணாம் ஞாயிறு கூழ் ஊத்தும்போதுதான் தொறப்போம்." ஆடி வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் ஊரே காத்திருந்தது. எல்லாரும் அவரைப் பெரிய நிபுணர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மயங்கிவிட்டார். மனிதர்தானே. வெளியே போய் பட்டியலில் கப்பல் படம் என்று இருந்த இடத்தை மட்டும் விரல் வைத்துக் காட்டி, "பங்களா கடியாரம்னுதான் தெரியுது" என்று சொல்லிவிட்டார். கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதை ஊர்க்கூட்டம்தான் முறை வைத்துக் கொடுக்கும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கூட்டத்தில் வந்து உட்காருகிறவனுக்குத்தான் பாடு. மாசி மாதக் கூட்டத்தில் ஏழுமலை எதற்கோ வாய் திறந்தான். "திருட்டுக் கடியாரத்துல மணி பாக்கிறவன் நியாயம் பேச வந்துட்டான்" என்றான் ஒருவன். முன்பெல்லாம் அது கேலி, இப்போது நிபுணர் சொன்ன தீர்ப்பு. ஏழுமலை எழுந்து வெளியே போனவன் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. பாடு போனது. படகைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காட்டுப்பள்ளிப் பக்கம் தினக்கூலிக்குப் போக ஆரம்பித்தான். இதைக் கேட்ட நாளிலிருந்து மாசிலாமணி பேச்சைக் குறைத்துக்கொண்டார். தான் சொன்னது உண்மைதானே என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அவர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். பைக்கை ஸ்டாண்டு போடக்கூட மறந்து சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். மார்க்கெட்டில் கன்னியம்மாவைப் பார்த்தாராம். அந்த அம்மா பாதி இறாலைக் கூடையிலேயே வைத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பியிருக்கிறார். என்னம்மா அவசரம் என்று பக்கத்துக் கடைக்காரி கேட்டதற்குச் சொன்ன பதிலைத்தான் இவர் கேட்டிருக்கிறார்: "காலைல கடியாரத்துக்குக் கயிறு இழுக்க மறந்துட்டேன். ஒரு நாளு இழுக்கலன்னா நின்னுடும்."

"அண்ணாத்த, எட்டு நாள் கடியாரத்துக்குக் கயிறு எதுக்கு?" என்றார் மாசிலாமணி. "அது முப்பது மணி நேரக் கடியாரம். தெனம் கயிறு இழுத்து குண்ட மேல ஏத்தணும். ஏழை வூட்டுக் கடியாரம் அது. பாக்கிறவன் எட்டு நாள் கடியாரம்னு நெனைக்கட்டும்னு மூஞ்சில சும்மானாச்சும் ரெண்டு தொளை வெச்சிடுவாங்க. இங்கிலீசுக்காரன் வூட்லயும் பக்கத்து வூட்டுக்காரனுக்குக் காட்டிக்கத்தான். இத்த நான் படிச்சிருக்கேன், அண்ணாத்த. படிச்சிட்டும் ஏமாந்தேன். அந்தக் கயிறு என் கண்ணுல படவே இல்லியே, எங்க இருந்துது?"

பெட்டிக் கதவைத் திறக்கக் கூடாது என்பதற்காக அந்த வீட்டில் யாரோ எப்போதோ பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, கயிற்றின் நுனியை வெளியே எடுத்து, இழுத்து நிறுத்துவதற்கு வலை ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் தள்ளிவிட்டது அதைத்தான். வாயைத் திறந்தேன். "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டேன். கோழை என்றால் கோழைதான். வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

உடனே போய்ச் சொல்லிவிடலாமே என்றேன். அவர் கேட்கவில்லை. "ஒரு வாட்டி தொறக்காம சொன்னதே போதும். ஆடி மூணாம் ஞாயிறு தொறப்பாங்க. கண்ணால பாத்து, அதே வாசல்ல, அதே ஜனங்ககிட்ட சொல்றேன்" என்றார். அந்த இரண்டு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. கடிகாரம் அதற்குள் விழுந்து உடைந்தால்? மழை வந்து குப்பத்துக்குள் தண்ணீர் ஏறினால்? ஏழுமலை படகை விற்றுவிட்டால்? அவர் நடுநடுவே நெஞ்சைத் தேய்த்துக்கொள்வார். கேஸ் டிரபிள் என்பார். ஈ.சி.ஜி. எடுக்கலாம் வா என்று நான் நச்சரித்தேன். "நீ எடுத்துக்கோ அண்ணாத்த, ஒனுக்குத்தான் படபடப்பு" என்று சிரித்தார். ஆயுசு முழுக்க வேண்டாததற்கெல்லாம் பயந்த எனக்கு, அந்த ஒரு பயத்தில் மட்டும் பிடிவாதம் இல்லாமல் போனது. அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

புதன்கிழமை மாலை அவரை எடுத்தோம். அந்த வீட்டில் நாலு கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. போன ஞாயிறு அவர் கொடுத்த சாவி. யாரோ நிறுத்தப் போனபோது சரோஜா வேண்டாம் என்றார். சனிக்கிழமை நான் போனேன். சரோஜா அந்தப் பல் டாக்டர் கண்ணாடியைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். "நாளைக்கு நீங்க போவணும்ல" என்றார். நான் போகிறேன் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. போகாமல் இருக்க என்ன காரணம் சொல்லலாம் என்றுதான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை குப்பத்தில் கூழ்ப்பானை கொதித்துக்கொண்டிருந்தது. கன்னியம்மா வீட்டில் பெட்டிக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, கற்பூரம் காட்டிக் கதவைத் திறந்தார்கள். கீழே அம்மன் செம்பு. மேலே ஒரே ஒரு குண்டு. கால் கழுவி வந்து, ஊர்த் தலைவரிடம் கேட்டுக்கொண்டு, டார்ச்சைக் கவ்விக் கண்ணாடியை மேலே விட்டேன். கண்ணாடியைத் திருப்பிப் பிடித்ததில் முதலில் தெரிந்தது என் மீசைதான். சரியாகத் திருப்பிக்கொண்டு மறுபடி பார்த்தேன். முகத்தின் இரண்டு சாவித் துளைகளுக்கும் பின்னால் எதுவும் இல்லை. வெறும் தகடு. அதில் ஆணித் தலைபோல் இரண்டு கட்டைகள் ஒட்டியிருந்தன. கீழே முள் வைத்த ஒரு சக்கரம், அதன் மேல் வலைக் கயிறு. போனில் படம் எடுத்துத் தலைவரிடம் நீட்டினேன். அவருக்குப் பின்னால் பத்துத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"பங்களா கடிகாரம் எட்டு நாள் ஓடுவது. இது முப்பது மணி நேரம்தான் ஓடும். இது அது இல்லை. மாசிலாமணி அன்றைக்குச் சொன்னது தப்பு. அதைச் சொல்ல இன்று அவரே வருவதாக இருந்தார்" என்றேன்.

"அப்ப இது எங்கேர்ந்து வந்ததுன்ற?" என்று கேட்டார் தலைவர்.

பரிசாக வந்தது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. "தெரியலைங்க" என்றேன்.

தலைவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். அங்கே ஏழுமலை கும்பலுக்கு வெளியே, கைகட்டி நின்றுகொண்டிருந்தான். "தெரியாதத வெச்சி இத்தினி வருசம் பேசிட்டோம். ஏழுமல, இன்னாடா வெளிய நிக்கிற? உள்ள வந்து குந்து. வர்ற கூட்டத்துல ஒன் பாடு இன்னான்னு பாக்கலாம்" என்றார். அவன் உடனே வரவில்லை. கன்னியம்மா போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார்.

எல்லாரும் கூழுக்குப் போன பிறகு கன்னியம்மா எனக்கு ஒரு சொம்பில் கொண்டுவந்தார். இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. "அம்மா, அன்றைக்கு அந்தக் கயிற்றை..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்கதான் பின்னால தள்னீங்க. தெரியுமே, நான் பாத்துகினுதான இருந்தேன்" என்றார்.

"மாசிலாமணிக்கு அது தெரியாதும்மா. நான் சொல்லவே இல்லை."

"அவருக்கா தெரியாது? வைகாசில, மார்க்கெட்லேர்ந்து நான் ஓடியாந்த மறுநாளு வந்தாரு. நேரா என் கால்ல வுழப் பாத்தாரு, நான் உட்ல. இந்தக் கயிறு அன்னிக்கு எங்கம்மா இருந்துதுன்னு கேட்டாரு. சொன்னேன். அப்பறம் சிரிச்சாரு. அத்த போட்டோக்காரர்கிட்ட கேட்டுடாதம்மா, அந்த மனுசன் ராத்திரி தூங்க மாட்டாருன்னாரு. ஆடிக்கு நான் வரலன்னாலும் அவரு வருவாரு, பாருன்னாரு."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். புதன்கிழமை வராத அழுகை எல்லாம் அங்கே வந்தது. கன்னியம்மா தடுக்கவில்லை. கடிகாரத்தின் பக்கம் போய், அன்றைய கயிற்றை இழுத்துவிட்டு, கூழ் ஆறிப்போகிறது என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் சரோஜா வீட்டுக்குப் போய் நாலு கடிகாரங்களுக்கும் சாவி கொடுக்கிறேன். மட்டி ஓடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்க்கிறேன். இப்போதெல்லாம் யார் வீட்டில் படம் எடுத்தாலும், இருப்பது எதுவோ அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். துடைப்பம் இருந்தால் துடைப்பமும் படத்தில் வரும்.

மாசிலா, திறந்து பார்த்து நீ சொன்ன எதுவும் தப்பாகப் போனதில்லை. என்னைப் பற்றிச் சொன்னதும் சரிதான். கன்னியம்மா சொல்லிவிட்டார், அன்றைக்கு நான் தூங்கவில்லை.